வானைக் கண்டு கணித்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

ஏகாதசி இன்றோ நாளையோ என்னும் ஐயம் நம் இல்லங்களில் இடையிடையே எழுவதொன்று. வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று கூற, திருக்கணித பஞ்சாங்கம் பிறிதொன்று கூறும். ஒரே வானில் உலாவும் ஒரே திங்களுக்கு இரு கணக்கு எவ்வாறு உளவாயின? இவ்வினாவிற்கு விடை காண விழைவார், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிற் சென்னையில் வாழ்ந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியாரின் வரலாற்றை அறிதல் நன்று. கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கத்தோடு பெயர் பொறிக்கப்பெற்ற இரகுநாதையர் என இவரை மயங்கற்க. ஆளும் வேறு; நெறியும் வேறு.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வுக் கூடம் நிறுவினர். பஞ்சாங்கங் கணிக்குங் குடியில் வந்த இரகுநாதாச்சாரியார் இளமையிலேயே அங்குப் பணிக்கமர்ந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைத்து, முதல் உதவியாளர் பதவி வரை உயர்ந்தார். 1861 இல் அக்கூடத்தின் தலைவராக வந்தவர் நோமன் பொக்சன் என்னும் ஆங்கிலேயர். அவ்வாண்டிலேயே ஒரு சிறுகோளைச் சென்னையிலிருந்து கண்டு அதற்கு ஆசியா எனப் பெயரிட்டவர் அவர். அடுத்த ஆண்டில் அங்கே ஒரு புதிய தொலைநோக்கி நிறுவப்பெற்றது. அது வடக்குந் தெற்குமாகவன்றிப் பிற திசையில் திரும்பாது. விண்மீன் உச்சிக் கோட்டைக் கடக்கையில், கண்ணாடியினுட் கட்டிய நூலிழையை அது தொடுங் கணத்தை மணிக்கூட்டின் ஒலியோடு ஒப்பிட்டுக் குறித்தல் வேண்டும். பின் அடுத்த மீன், அதன்பின் அடுத்தது. இரவு முழுதும் இதுவே தொழில். இவ்வாறு அவர் செய்த நோக்கல்கள் ஏறத்தாழ 38,000 என்பர். எண்ணிப் பார்க்கவே தலை சுற்றுகின்றது!

இத்தகைய நோக்கல் எற்றுக்கு என வினவுவார்க்குப் பௌதிகவியல் வகுப்பிற் கற்றதை நினைவூட்டலாம். கயிற்றிற் கட்டிச் சுழற்றுங் கல்லைக் கயிறு ஓயாது கையை நோக்கி இழுக்கின்றது; கயிறு அறுமாயிற் கல் நேர்கோட்டிற் பறந்து போம். மையநாட்ட விசை என நம் மாணாக்கர் கற்பது இதனையே. திங்களைக் கட்டிய கயிறு புவியின் ஈர்ப்பு. புவியின் ஆரையைப் போல் அறுபது மடங்கு தொலைவில் அது செல்வதால், ஆங்கு ஈர்ப்புப் புலத்தின் வலி நிலமட்டத்திலுள்ளதில் 3,600 இல் ஒரு பங்கேயாம். ஒரு செக்கனில் திங்கள் நேர்கோட்டினின்று புவியை நோக்கி விழுவது ஒன்றரை மில்லிமீற்றரிலுங் குறைவு. அவ்வாறு விழுந்து விழுந்தே 27 நாளும் ஏறத்தாழ 8 மணி நேரமுங் கொண்டு ஒரு சுற்றை முடிக்கின்றது. ஞாயிறும் திங்களை ஈர்க்கின்றது. அவ்வீர்ப்புப் புவியின் ஈர்ப்பினும் இரு மடங்குக்கு மேற்பட்டதென்றால் நம்புவார் சிலரே. ஆயினும் புவியும் உடன் ஈர்க்கப்படுவதால், இரண்டன் ஈர்ப்புக்குமுள்ள சிறு வேறுபாடு மட்டுமே திங்களின் நீள்வளையப் பாதையைக் கலக்குகின்றது. பஞ்சாங்கப் பூசலின் வேர் இக்கலக்கத்தில் உளது.

திங்கள் புவியை அணுகியும் அகன்றுஞ் செல்லுஞ் செலவு 248 நாளில் ஒன்பது முறை நிறைவுறும் எனக் கண்ட பழங் கணிதர், நாளுக்கொன்றாக 248 வாக்கியம் யாத்தனர். எழுத்தே எண்ணாகும் அவற்றை மனனஞ் செய்தோர் ஏடின்றியே திங்களின் இடத்தைக் கூறுவர். இவ்வருஞ் செயலை இகழ்வது பேதைமை. ஆனால் அக்கணக்கிலுள்ள முதன்மைத் திருத்தம் ஐந்து பாகையளவினது. அமாவாசை, பூரணைகளில் அது பொருந்தும். அட்டமியை அண்டிய நாட்களிலோ ஏழரைப் பாகை வரை வேண்டப்படும். குறைந்த இரண்டரைப் பாகையால் திதியின் முடிவு ஐந்து மணி நேரம் வரை மாறுபடும். கிரகணமோ அமாவாசை பூரணைகளிலன்றி நிகழாது. ஆகவே ஊரார் கண்ணாற் காணும் சோதனையிற் பழைய கணக்குப் பெரும்பாலுந் தேறிவிடும். பிழை மிகும் நாட்களிற் பார்ப்பாரில்லை. 1829 ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தை முன்னிட்டு அராலி விசுவநாத சாஸ்திரியாரின் கணிதத்தை வட்டுக்கோட்டைச் செமினறியின் பூவர் பாதிரியார் சோதித்தபோது வெளிப்பட்ட பிழையும் மணிக்கணக்கினதன்று, நிமிடக் கணக்கினதே. இரவுதோறும் பார்ப்பவருக்கன்றோ மற்றைப் பிழை புலப்படும்! இரகுநாதாச்சாரியார் அவ்வாறு பார்த்தவர்.

கப்பலோட்டிகளுக்கென இங்கிலாந்தில் ஆண்டுதோறும் வெளியாகும் வானியல் அட்டவணையை ஆதாரமாகக் கொண்டு அவர் திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். பண்டிதர் பலர் ஏற்றிலர். முன்னோர் நூலை மேனாட்டுக் கணக்கிற்கு அடகு வைத்தலாகும் என அவர் அஞ்சினர் போலும். ஆயின் கண்டு திருத்துதல் மேனாட்டாரிடங் கடன் பெற்ற வழக்கன்று. கேரளத்துப் பரமேசுவரர் கிரகணங்களைப் பல்லாண்டு நோக்கி, 1431 இல் திருக்கணிதம் என்னும் பெயராலேயே நூல் செய்தார். வாக்கியத்தைக் கைவிடாதார் இதனை மறந்தனர் என்பது என் கருத்து.

1867 சனவரியில் ரெற்றிக்குலம் என்னுந் தென்வான மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை இரகுநாதாச்சாரியார் கண்டார். அடுத்த ஆண்டு ஆகத்து 18 இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நோக்க வனபர்த்திக்குச் சென்ற குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1871 திசெம்பர் 12 இன் கிரகணத்தைச் சென்னைக் கூடத்தார் அவிநாசியினின்று நோக்கினர். அந்நிழலே கடல் கடந்து யாழ்ப்பாணத்தின் மீதும் வீழ்ந்தது, இங்கும் ஆய்வாளர் வந்திருந்தனர். 1872 இல் இலண்டன் இராச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இந்தியருள் அச்சிறப்பை முதலிற் பெற்றவர் அவரே.

வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் காட்சி 1874 திசெம்பர் 9 இல் நிகழவிருந்தது. அதனை ஊரார்க்கு விளக்க அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்திலும், கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் அது வெளிவந்தது. நம் மானிப்பாயிற் கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து முடித்து ஊர் திரும்பிய காலமும் ஏறத்தாழ இதுவே. நம்மவர்க்கென ஒரு வானாய்வுக் கூடம் வேண்டுமெனவும் இரகுநாதாச்சாரியார் விழைந்தார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை.

1880 பெப்ரவரி 5 இல் அவர் இறந்தார். வானாய்வுப் பணி 1899 இற் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியது, பல மொழிகளில் எழுத்துப் பொறித்த பழைய கருங்கற்றூண். பொக்சன் காலத்து நோக்கல்களைத் தொகுத்த விண்மீன் அட்டவணை இரகுநாதாச்சாரியார் மறைந்து பல்லாண்டின் பின்னரே அச்சேறியது. அதற்கு ஆதாரமான நோக்கல்களிற் பெரும்பாலன அவர் கண் கண்டவை.