வீட்டுக்குள் ஒரு பவர் ஹவுஸ்

பல்பு என்றதும் எடிசன் பேர்தான் நம்ம வாயில் வரும். அவருக்கு முன்னாலேயே ஒரு ஊரின் சதுக்கத்தை மின்சாரத்தால் பளிச்சென்று ஆக்கிய ஒருவரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். அவர்தான் சார்லஸ் பிரஷ்.

1849-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், யூக்ளிட் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் படித்து 1869-ல் பட்டம் பெற்றார். ஆனால் மனசெல்லாம் டைனமோ மேல்தான்! சொந்தமாக டைனமோவும் ஆர்க் விளக்கும் செய்து, 1879 ஏப்ரல் 29-ல் கிளீவ்லாந்து சதுக்கத்தில் 12 விளக்குகளை ஏற்றிக் காட்டினார். பணமும் புகழும் சேர்ந்தன.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்காக அல்ல, அவர் வீட்டுக்காக! 1888-ல் தன் மாளிகையின் பின்புறம் 60 அடி கோபுரமும், 144 இறக்கைகளும் கொண்ட ஒரு பெரிய காற்றாலையை நிறுத்தினார். டைனமோ 12 கிலோவாட். சரி, காற்று நின்னுட்டா? அதற்குத்தான் கீழ்த்தளத்தில் 408 பேட்டரி செல்கள்!

ஏன் 408? கணக்கைப் பாருங்கள். 34 செல்கள் சீரீஸில். செல்லுக்கு 2 வோல்ட் என்றால் 68 வோல்ட். அப்படி 12 வரிசைகள் பேரலலில். வரிசைக்கு 100 ஆம்பியர்-ஹவர் வீதம் மொத்தம் 1200. இரண்டையும் பெருக்கினால் சுமார் 81 யூனிட். லெட்-ஆசிட் செல்லைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுசு குறையும். ஆகவே கைக்கு வருவது 40 யூனிட். வீட்டில் 350 விளக்கு இருந்தாலும் தினமும் எரிந்தது சுமார் 100. ஒன்றுக்கு 50 வாட், 4 மணி நேரம் என்று நாமே வைத்துக்கொண்டால் நாளைக்கு 20 யூனிட். அதாவது இரண்டு நாள் காற்றே இல்லாவிட்டாலும் வீடு இருளாது! வோல்டேஜ் 90-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளத் தானியங்கிக் கருவியும் வைத்திருந்தார். நம்ம சார்ஜ் கன்ட்ரோலருக்கு அது தாத்தா!

இது பழங்கதை இல்லை நண்பர்களே. லைன் எட்டாத மலைக்கிராமத்தில் இருக்கும் என் அத்தை, ஆடு விற்ற பணத்தில் சோலார் போட்டார். ஃபேன், டிவி, மூன்று விளக்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு 910 வாட்-ஹவர். விற்றவர் கொடுத்ததோ 12 வோல்ட், 75 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றே ஒன்று! முழுசா உறிஞ்சினாலும் 900-தான். தினமும் ராத்திரி அடிவரை காலி. ஒன்றரை வருஷத்தில் பேட்டரி செத்தது. அன்றாடச் செலவை மேகமூட்ட நாட்களால் பெருக்கி, பாதியால் வகுத்து, வோல்டேஜால் வகுத்திருக்க வேண்டும். இரண்டு நாளுக்கே 300 ஆம்பியர்-ஹவருக்குக் கொஞ்சம் மேலே வரும். நாலு மடங்கு! விலை கூடத்தான். ஆனால் அதை முன்னாடியே சொல்லியிருந்தால் அத்தை டிவியை விட்டுவிட்டு, வெளிச்சத்தையாவது காப்பாற்றியிருப்பார்.

பிரஷ் 1929-ல் மறைந்தார். அந்தக் காற்றாலை சுமார் 20 வருஷம் ஓடியது. பெரிய இயந்திரம் செய்தவர் என்பதைவிட, காற்றில்லாத ராத்திரியையும் கணக்கில் சேர்த்தவர் என்பதே அவர் பெருமை என்பேன்.

நாளைக்கு டிப்ளமோவோடு வெளியே போய் எஸ்டிமேட் போடப்போவது நாம்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரு தடவை வகுத்துப் பார்ப்போமா?