வான்வழி வகுத்த சேர் ஜோன்

தோணி உடையவன் செல்வன் என்பர். ஆயினும், அத்தோணி பழுதுறும் நாளை முன்னறிந்து, அடுத்த தோணிக்கு இன்றே பொருள் சேர்ப்பவனே தொழில் அறிந்தவன். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோருக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உப்புநீரில் ஊறிய பலகை என்றோ ஒருநாள் உளுத்தே தீரும். ஒட்டுப்போட்டு ஓட்டும் செலவு, புதியது வாங்கும் செலவை நெருங்கும் காலமும் வந்தே தீரும். நீரில் ஓடும் கலத்துக்குரிய இந்நியதி வானில் ஓடும் கலத்துக்கும் உரியது. இலங்கைக்கென விமான சேவை ஒன்றை உருவாக்கிய சேர் ஜோன் கொத்தலாவலையின் வாழ்க்கையை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

காரீயச் சுரங்கங்களால் வளம் பெற்ற குடும்பம் ஒன்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். கொழும்பு றோயல் கல்லூரியிற் கற்றபின் ஐரோப்பா சென்று, கேம்பிரிட்ஜில் விவசாயக் கல்வி பயின்றார். நாடு திரும்பித் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மேற்பார்வை செய்தார். தொண்டர் படையிற் சேர்ந்து உயர் பதவி பெற்றார். குதிரையேற்றம், விருந்து, வேடிக்கைப் பேச்சு ஆகியவற்றில் அவருக்கிருந்த நாட்டத்தை நாடே அறியும். சினம் எழுந்தால் மறைக்க அறியார். அன்பு எழுந்தாலும் மறைக்க அறியார்.

1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைக்குத் தெரிவான அவர், 1936 ஆம் ஆண்டு போக்குவரத்துக்கும் பொது வேலைகளுக்கும் பொறுப்பான அமைச்சரானார். வீதி, பாலம், புகையிரதம், மின்சாரம் என நாட்டின் நரம்பும் நாடியும் அவர் கைக்கு வந்தன. அதற்கு முந்திய ஆண்டிலேதான், சென்னையிலிருந்து பறந்து வந்த சிறு விமானம் ஒன்று இரத்மலானைத் திடலில் முதன்முதலாக இறங்கியிருந்தது. 1938 ஆம் ஆண்டு, இந்தியாவில் ஜே. ஆர். டி. டாட்டா நிறுவிய விமான சேவை கொழும்பு வரை தபால் கொண்டுவந்தது. அயலவன் கலம் நம் துறைக்கு வருகிறது. நம் கலம் அயலான் துறைக்குப் போகவில்லை. இக்குறையைத் தீர்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுமுன் பெரும் போர் மூண்டது.

வானூர்தியின் ஆற்றல் எத்தகையது என்பதை மட்டக்களப்புக் கடல் அக்காலத்திலேயே கண்டது. 1942 ஏப்ரில் 9 ஆம் நாள், விமானந்தாங்கிக் கப்பலாகவே முதன்முதல் வரையப்பெற்ற ‘ஹேர்மீஸ்’ என்னும் பிரித்தானியக் கப்பலை, யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்தன. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் அக்கடலடியிற் கிடக்கின்றது. விமானங்களைச் சுமப்பதற்கென்றே அமைந்த கப்பல், காக்கும் விமானம் ஒன்றேனும் வானில் இல்லாத வேளையில் அழிந்தது.

போர் ஓய்ந்ததும், படைகளுக்குத் தேவையற்றுப்போன விமானங்கள் மலிந்தன. அவற்றுள் சிறந்தது டக்கோட்டா. இரண்டு எந்திரங்களும், இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் அமரும் இடமும் உடையது, குறுகிய தரையிலும் இறங்கவல்லது, பழுதுபார்ப்பதற்கு எளியது. பதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டமையால் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. சிறு நாடொன்று விமான சேவை தொடங்குவதற்கு இதனினும் ஏற்ற தருணம் வாய்த்திராது. போக்குவரத்து அமைச்சரான சேர் ஜோன் அத்தருணத்தை நழுவவிடவில்லை. மூன்று டக்கோட்டாக்கள் வாங்கப்பட்டன. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என அவை பெயர் பெற்றன. ‘ஏர் சிலோன்’ பிறந்தது.

1947 டிசெம்பர் 10 ஆம் நாள், சீதாதேவி இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னையை அடைந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இன்னும் இரு மாதங்கள் இருந்தன. இராமகாதையிலே சீதை இலங்கையை விட்டு நீங்கியது புட்பக விமானத்தில். அவள் பெயர் தாங்கிய விமானமே இலங்கையின் முதற்பயணத்தை மேற்கொண்டதும், அது தமிழ் மண் ஒன்றிலிருந்து மற்றொரு தமிழ் மண்ணுக்குக் கடல் தாண்டியதும் எண்ணி மகிழத்தக்க பொருத்தங்களாம்.

தொடங்குவது எளிது, வளர்ப்பது அரிது. டக்கோட்டா அண்டை நாடுகளுக்கு ஏற்றது. பெருங்கடல் தாண்டி ஐரோப்பா செல்வதற்குப் போதாது. நான்கு எந்திரங்கள் கொண்ட பெரிய விமானம் வேண்டும். அதனை வாங்கப் பெரும் பொருளும், செலுத்தவும் செப்பனிடவும் பழகிய ஆட்களும் வேண்டும். இரண்டும் நாட்டில் இல்லை. எனவே, 1949 ஆம் ஆண்டு ஒஸ்திரேலிய நிறுவனம் ஒன்று பங்காளியாகச் சேர்க்கப்பட்டது. அதன் ஸ்கைமாஸ்டர் விமானங்கள் ஏர் சிலோனின் பெயர் பூண்டு லண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தன. இலங்கையின் கொடி வானத்தின் இரு கோடிகளையும் தொட்டது. கலமோ இரவற் கலம். 1953 ஆம் ஆண்டு அக்கூட்டு முறிந்ததும், நெடுந்தூரச் சேவையும் அதனுடன் நின்றது. எஞ்சியவை பழைய டக்கோட்டாக்களே.

இங்கே விமான நிறுவனத் தொழிலின் உட்பொருளைச் சற்று விளக்குதல் தகும். விமானம் வானில் இருக்கும்போது மட்டுமே பொருள் ஈட்டும். தரையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் நட்டமே. வயது ஏற ஏற அது தரையில் நிற்கும் காலம் பெருகும். எரிபொருளும் மிகுதியாக உண்ணும். ஆதலின் ஆண்டுதோறும் வருவாயில் ஒரு பகுதியைத் தேய்மானத்துக்கென ஒதுக்கிவைத்து, பழையது ஓயுமுன்னே புதியதற்கு முற்பணம் கட்ட வேண்டும். கேட்ட விமானம் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். மேலும், வாங்குவன ஒரே வகையினவாக இருத்தல் நன்று. வகைக்கு ஒன்றாகச் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் வேறு வலவர், வேறு பொறிவல்லார், வேறு உதிரிப் பாகம் எனச் செலவு பல மடங்காகும். ஒன்று பழுதுற்றால் அதன் இடத்தை நிரப்ப மற்றொன்று இராது. ஏர் சிலோன் இவ்விதிகளைக் கடைப்பிடிக்கும் வலிமையை இறுதிவரை பெறவில்லை.

சேர் ஜோன் 1953 ஒக்ரோபரில் பிரதமரானார். 1954 ஆம் ஆண்டு ஆசியப் பிரதமர்கள் ஐவரின் மாநாட்டைக் கொழும்பிற் கூட்டினார். மறு ஆண்டு பாண்டுங் மாநாட்டில் அஞ்சாது பேசிப் பலரின் கோபத்துக்கும் ஆளானார். வட பகுதிக்கு வந்தபோது, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம உரிமை வழங்குவதாக வாக்களித்தார். அவ்வாக்கு தென்னிலங்கையில் புயலைக் கிளப்பியது. 1956 பெப்ரவரியில், களனியிற் கூடிய அவரது கட்சி, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் நிலையை ஏற்றது. வாக்கை மாற்றியும் வெற்றி கிட்டவில்லை. ஏப்ரில் தேர்தலில் அக்கட்சிக்கு எட்டு இடங்களே எஞ்சின. தமிழர் நம்பிக்கை இழந்தனர். சிங்களரோ நம்பவே இல்லை. நாட்டின் இரு முனைகளையும் மூன்று மணி நேரத்துக்குள் இணைக்கும் விமானத்தைக் கொணர்ந்தவர், இரு மக்களின் மனங்களை இணைக்கும் வாய்ப்பைக் கைவிட்டமை அவர் வாழ்வின் பெருங்குறை. வாவிக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் அக்குறையின் விளைவைப் பல்லாண்டு சுமந்தனர்.

அதே 1956 ஆம் ஆண்டு, ஒல்லாந்து நிறுவனமான கே. எல். எம். பங்காளியாகி, கொன்ஸ்ரலேசன் விமானம் ஒன்றுடன் ஏர் சிலோனின் நெடுந்தூரச் சேவை மறுபடி தொடங்கியது. பின்னர் அதன் எலெக்ரா விமானம் வந்தது. 1960 களில் பிரித்தானிய நிறுவனத்தின் கொமெற் வந்தது. அதன் பின் வீ. சி. 10 வந்தது. 1970 களில் பிரெஞ்சு நிறுவனத்தின் டீ. சி. 8 வந்தது. பங்காளி மாறுந்தோறும் விமானமும் மாறிற்று. உள்ளூருக்கும் அயல்நாட்டுக்கும் 1964 ஆம் ஆண்டு அவ்ரோவும், 1969 ஆம் ஆண்டு ட்ரைடன்ற் என்னும் ஜெட் விமானம் ஒன்றும் சொந்தமாகவே வாங்கப்பட்டன. அந்த ஒற்றை ட்ரைடன்ற் ஓய்ந்தால் அதற்கு மாற்று இல்லை. கிழக்கே, அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்த கல்லோயாப் பகுதியும் உள்ளூர்ச் சேவையின் பயனைப் பெற்றது. 1978 செப்ரெம்பர் 7 ஆம் நாள், இரத்மலானையில் நின்ற அவ்ரோ ஒன்று குண்டு வெடித்து அழிந்தது. கடனிலும் நட்டத்திலும் தளர்ந்திருந்த ஏர் சிலோனும் அக்காலத்தோடு மறைந்தது.

தேர்தலின் பின் சேர் ஜோன் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிற் பண்ணை ஒன்று வாங்கிப் பல காலம் வாழ்ந்தார். பின் தாயகம் திரும்பி, இரத்மலானைக்கு அணித்தான கந்தவளை மாளிகையில் முதுமையைக் கழித்தார். 1979 ஆம் ஆண்டு, சிங்கப்பூரிலிருந்து பெற்ற இரு போயிங் 707 விமானங்களுடன் ‘எயர் லங்கா’ தொடங்கப்பட்டபோது, அவர் உயிருடன் இருந்தார். 1980 ஒக்ரோபர் 2 ஆம் நாள் காலமானார். தம் மாளிகையை நாட்டுக்கே எழுதிவைத்தார். அங்கு நிறுவப்பட்ட பாதுகாப்புக் கல்விக்கழகம் இன்று பல்கலைக்கழகமாக அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. எயர் லங்கா ஏர்பஸ் விமானங்களால் தன் அணியைப் புதுப்பித்தது. ஸ்ரீலங்கன் எனப் பெயர் மாறியது. 2001 யூலையில் கட்டுநாயக்கத் தாக்குதலில் விமானங்கள் பலவற்றை இழந்தது. 2013 ஆம் ஆண்டு ஏ350 வகை விமானங்களுக்கு உடன்பட்டுப் பின்னர் கைவிட்டமையால் பெருந்தொகை இழப்பீடு செலுத்த நேர்ந்தது. வாங்கியும் நட்டம், வாங்காமலும் நட்டம் என்னும் நிலை, முன்யோசனையின்றி எடுக்கும் முடிவுகளால் வருவது. மட்டக்களப்பில், திமிலைத்தீவை அடுத்து வாவியோரம் அமைந்த விமானத்தளமோ, நெடுங்காலம் விமானப் படையின் வசம் இருந்து, 2018 ஆம் ஆண்டு பொதுமக்கள் பயன்பாட்டுக்கென ஒப்படைக்கப்பட்டது. தளம் இருந்தால் மட்டும் போதுமா? அதற்கு ஏற்ற சிறு விமானங்களும், அவற்றை நட்டமின்றி ஓட்டும் திட்டமும் வேண்டுமல்லவா?

துணிந்து முதற்கலத்தை வாங்கிய பெருமை சேர் ஜோனுடையது. அதனை எவரும் பறிக்க முடியாது. ஆனால் முதற்கலத்தை வாங்கத் துணிவு போதும். இரண்டாவதையும் மூன்றாவதையும் உரிய காலத்தில் வாங்குவதற்கு, ஆட்சி மாறினும் மாறாத ஒழுங்கு வேண்டும். வாக்குக்கும் இதுவே விதி. கொடுப்பதற்கு ஒரு கணத்துத் துணிவு போதும். காப்பதற்கு வாழ்நாள் முழுவதும் உறுதி வேண்டும். விமானத்திலும் மொழியிலும் நாடு இழந்தது அந்த உறுதியையே.