சத்திரத்துச் சோறும் சர். பன்னீர்செல்வமும்

ஜில்லா போர்டு என்றால் இன்றைய இளைஞனுக்கு என்ன தெரியும்? ஊரில் எண்பதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால், திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கலாம். கப்பிக்கல் பரப்பிய சாலை, ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம், அம்மை குத்த வரும் ஆள், மருந்துத் தண்ணீர் தரும் ஆஸ்பத்திரி, வாரச் சந்தை, வழிப்போக்கர் தங்கும் சத்திரம், இத்தனையையும் கட்டி மேய்த்தது எதுவோ அதுதான் ஜில்லா போர்டு என்று சொல்லுவார். கவர்னர் சென்னையில் இருந்தார். வைஸ்ராய் டில்லியில் இருந்தார். ஏர் பிடித்தவனின் வாசல்வரை வந்த சர்க்கார் ஜில்லா போர்டுதான். அவன் கட்டிய நில வரியோடு சேர்த்து வாங்கிய காசுதான் அதன் கருவூலம்.

அந்தப் போர்டுகளிலே தஞ்சை ஜில்லா போர்டு தனிக் கம்பீரம் படைத்தது. இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்னும் நான்கு மாவட்டங்களும் அன்று ஒரே ஜில்லா. காவிரி பாயும் கழனி. அதனால் வரி வருமானமும் தாராளம். ரயில் பாதையே போட்டது அந்தப் போர்டு! ஆம், மிகைப்படுத்தவில்லை. நிலத்தின்மீது தனி வரி விதித்துப் பணம் சேர்த்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைவரை ஐம்பது மைலுக்கு மேல் இருப்புப்பாதை அமைத்து, 1894-ல் ரயிலை ஓடவிட்டது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி; பாதையின் சொந்தக்காரர் ஜில்லா போர்டு, அதாவது வரி கட்டிய குடியானவர்.

அவ்வளவு பெரிய சொத்து. அதன் தலைமை நாற்காலி யாருக்கு என்பதுதான் அந்தக் காலத்துப் போராட்டமே. நெடுங்காலம் கலெக்டரே தலைவர். பிறகு சர்க்கார் நியமித்த கனவான்கள் வந்தார்கள். 1920-ல் வந்த சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம் தேர்தலுக்கு வழியை அகலமாக்கிற்று. அந்த ஆண்டே நீதிக்கட்சி பதவி ஏற்றது. ஸ்தல ஸ்தாபன இலாகாவை எடுத்துக்கொண்டவர் பனகல் அரசர். அடுத்த ஆண்டில் அவரே முதல் மந்திரியும் ஆனார். கோட்டையில் இருக்கும் நாற்காலியைவிடக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரை நியமிக்கும் நாற்காலி பெரிது என்று கண்டுகொண்ட கட்சி அது. அந்தக் கணக்கை அறிந்த பலரில் ஒருவரைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகிறோம்.

அவர் ஏ. டி. பன்னீர்செல்வம்.

1888-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், திருவாரூர்ப் பக்கத்துச் செல்வபுரத்தில் பிறந்தார். நிலபுலம் நிறைந்த கத்தோலிக்கக் குடும்பம். தந்தை தாமரைச்செல்வம், மகன் பன்னீர்செல்வம். பெயரிலேயே தமிழ் மணந்த வீடு. திருச்சியிலே படிப்பு, சீமையிலே சட்டம். பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்பியவருக்குச் சென்னை ஐகோர்ட்டில் பணம் குவித்திருக்கலாம். அவரோ தஞ்சைக்கு வந்தார். முதலில் தஞ்சை நகரசபைத் தலைவர். பிறகு, 1924 முதல் 1930 வரை ஜில்லா போர்டுத் தலைவர்.

அந்த ஆறு ஆண்டுகளைத்தான் நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அவருக்கு வந்த பெரும் பதவிகளைவிட அந்த ஆறு ஆண்டுகளே நமக்குப் பெரிது.

தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் ராமேசுவரம் போகும் நெடுவழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். அரண்மனைப் பெண்களின் பெயரால் கட்டினார்கள். ஒரத்தநாட்டிலே உள்ளது சரபோஜி மன்னரின் அன்புக்குரிய முத்தம்பாள் பெயரால் எழுந்தது. சத்திரம் என்றால் ஏதோ நாலு தூணும் ஒரு கொட்டகையும் அல்ல. அதற்கென ஊர் ஊராக நிலம் எழுதிவைத்தார்கள். அங்கே சோறு உண்டு, மருந்து உண்டு, பாடம் உண்டு, வழியில் வலி கண்ட பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க ஏற்பாடும் உண்டு.

யாருக்குச் சோறு? இதுதான் கேள்வி. 1801-ல் சரபோஜி மன்னர் கும்பினியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின்மீது கை வைத்துவிடாதீர்கள் என்று மன்றாடும் கடிதம் அது. அதிலே அவர் விளக்கியிருக்கிறார்: பிராமணர் முதல் பறையர் ஈறாக, வருகிறவர் எவராயினும், வேறுபாடு இன்றிச் சோறு போடப்படுகிறது என்று. குருடர், முடவர், நோயாளி, அநாதைக் குழந்தை எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு என்று. வடக்கேயிருந்து வந்த மராத்திய குலத்து அரசர், வடமொழி வித்துவான்களைப் போற்றி வளர்த்தவர், அவர் எழுதியது இது!

1855-ல் அந்த அரச மரபு ஓய்ந்தது. சத்திரங்கள் சர்க்கார் கைக்குப் போயின. பிறகு ஜில்லா போர்டின் பொறுப்பில் வந்து சேர்ந்தன. கை மாறக் கை மாற, கருத்தும் மாறிற்று. எல்லாருக்கும் என்று எழுதிவைத்த சொத்து, சிலருக்கு மட்டும் என்று சுருங்கிற்று. எந்தச் சட்டசபையும் அப்படித் தீர்மானிக்கவில்லை. எந்த நீதிமன்றமும் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை. வழக்கம் என்றார்கள். ஆசாரம் என்றார்கள். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திரத்து வருமானத்தில் நடந்த மாணவர் விடுதிகளிலே, பார்ப்பன மாணவர்களுக்குத்தான் இலவசச் சாப்பாடு, தங்க இடம். சத்திரத்து நிலத்தை உழுதவன் மகன் படிக்க வந்தால், அவன் ஊரிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் படிப்புக்கே முழுக்குப் போட வேண்டும்.

நெல் யார் விளைத்தது? அவன் அப்பன். அரிசி யாருடைய இலையில் விழுந்தது? அடுத்தவன் மகன் இலையில்.

என்ன செய்தார் பன்னீர்செல்வம்? கொடி பிடித்துக் கூட்டம் போட்டாரா? அதற்கும் ஆட்கள் இருந்தார்கள், அந்த வேலையும் வேண்டியதுதான். ஆனால் அவர் இருந்த இடத்திலே வேறொரு கருவி கையில் இருந்தது. அவர் தலைவர், அவர் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. விடுதிக் கதவைப் பார்ப்பனரல்லாத மாணவருக்கும் திறக்கச் செய்தார். இவ்வளவுதான் செய்தி, ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை முணுமுணுப்பு இருந்திருக்கும் என்பதைத் தோழர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஒரு பந்தியிலே உட்கார்ந்து சாப்பிடுவதற்கே ஊர் இரண்டுபட்ட காலம் அது. சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்ததும் அதே ஆண்டுகளில்தான். அந்தக் குருகுலத்தில் பொதுப்பணம் வாங்கிக்கொண்டு பந்தியைப் பிரித்தார்கள். இங்கே பொதுப்பணத்தின் பொறுப்பாளரே பந்தியைத் திறந்துவிட்டார்.

வைதீகர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: முன்னோர் தருமத்தில் கை வைக்கலாமா? தருமத்தில் கை வைத்தவர் பன்னீர்செல்வம் அல்லர். சரபோஜியின் கடிதத்தை எடுத்துப் படித்தால் புரியும். எழுதிவைத்தவர் எண்ணம் எதுவோ அதற்கே சொத்தைத் திருப்பிவிட்டவர் அவர்.

அடுத்தது திருவையாறு. அங்கேயும் சத்திரத்து வருமானத்தில் ஒரு கல்லூரி. காவிரிக் கரையில், தேவாரம் பாடிய ஊரில், தமிழரின் நில வருமானத்தில் நடந்த கல்லூரியிலே வடமொழி உண்டு, தமிழ் இல்லை! வெளிநாட்டான் ஒருவன் வந்து பார்த்தால் சிரித்திருப்பான். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் தமிழவேள் உமாமகேசுவரனார் போன்ற பெருமக்கள் தோள் கொடுக்க, அங்கே தமிழும் கற்பிக்கும்படி பன்னீர்செல்வம் செய்தார். தமிழ் படித்து வித்துவான் பட்டம் பெற வழி பிறந்தது. வடமொழியை அவர் விரட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அது அதன் இடத்தில் இருந்தது. பக்கத்திலே தமிழுக்கு ஒரு பாய் விரிக்கப்பட்டது. சமஸ்கிருதக் கல்லூரி என்றிருந்தது அரசர் கல்லூரி ஆயிற்று. அங்கே பயின்ற புலவர்கள் ஊர் ஊராகத் தமிழாசிரியர்களாகப் போனார்கள். பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் எந்தப் பிள்ளைக்கு எந்தப் புலவர் குறள் சொல்லிக்கொடுத்தார் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இந்த வேலை ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தினால் மட்டும் நடந்ததல்ல என்பது அப்போதுதான் விளங்கும். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் ஆதிதிராவிடருக்கும் உரியவை என்று சர்க்கார் உத்தரவு பிறந்தது. உத்தரவு பிறந்தது சரி, சாலையில் ஓடும் பஸ்ஸில் ஏறவிட்டார்களா? இல்லை. 1920-களின் கடைசியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்டார். முதலாளிகளுக்குச் சாத்திரம் மறந்துபோயிற்று. சில்லறை நினைவுக்கு வந்தது. தஞ்சையிலே சோற்றுப் பந்தி, ராமநாதபுரத்திலே பஸ் பலகை. இரண்டும் ஒரே காரியம்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பன்னீர்செல்வம் மிராசுதார் குடும்பத்தவர். பிரிட்டிஷ் சர்க்கார் தந்த சர் பட்டத்தை வாங்கிக்கொண்டவர். அவருடைய ஜில்லாவிலேதான் பண்ணையாள் சாட்டையடியும் சாணிப்பாலும் கண்டான். அந்தப் பண்ணையாளுக்கு ஏதோ ஓரளவு பாதுகாப்புத் தரும் சட்டம் 1952-ல்தான் வந்தது. அதற்கும் செங்கொடித் தோழர்கள் வயல் வரப்பிலே போராட வேண்டியிருந்தது. விடுதி திறந்தது உண்மை. விடுதிவரை வந்து சேரும் வசதி உழவன் மகனில் எத்தனை பேருக்கு இருந்தது என்று கேட்டால், கை விரல்தான் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் பூட்டிய கதவை இன்னொரு தலைமுறை பூட்டியே வைத்திருந்தால், அந்தச் சிலரும் வந்திருக்க மாட்டார்கள். நிறுவைத் தட்டில் இரண்டையும் வைத்துத்தான் நாம் அவரை மதிக்கிறோம்.

பிறகு வந்த பதவிகள் பெரியவை, விரைவாகச் சொல்லிவிடலாம். 1930-லும் 1931-லும் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகச் சென்றார். அங்கே அண்ணல் அம்பேத்கரும் ஆகாகானும் கையெழுத்திட்ட சிறுபான்மையோர் ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்தும் உண்டு. 1934-ல் சென்னை சர்க்காரில் உள்துறைப் பொறுப்பேற்றார். 1937-ல் கூர்மா வெங்கடரெட்டி நாயுடு அமைத்த சில மாத மந்திரி சபையிலும் இருந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி சாய்ந்தது. சாய்ந்த மரத்தைவிட்டுப் பறவைகள் பறந்தன. ஜரிகைத் தலைப்பாகைகள் பல மூலைக்கு ஒன்றாக ஒதுங்கின. இவர் ஒதுங்கவில்லை.

1938-ல் கட்டாய இந்தி வந்தது. சட்டசபையிலே எதிர்வரிசையில் நின்று எதிர்த்தார். வெளியே மறியல் செய்தவர்கள் சாரை சாரையாகச் சிறை புகுந்தார்கள், பெரியாரும் சிறையில். சிறையில் இருந்தவரையே நீதிக்கட்சி தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்த டிசம்பரில் சென்னையில் கூடிய மாநாட்டிலே, வர முடியாத தலைவரின் தலைமையுரையை மேடையேறிப் படித்தவர் பன்னீர்செல்வம். சீமான்களின் கட்சி என்று பேர் வாங்கிய ஒன்று சாமானியரின் கைக்கு மாறிய நாள் அது. அந்தக் கைமாற்றத்துக்கு ஒரு பாரிஸ்டரின் குரல் துணை நின்றது.

அடுத்து அவரை லண்டன் அழைத்தது. இந்திய மந்திரிக்கு ஆலோசகர் பதவி. மகாயுத்தம் மூண்டிருந்த நேரம். 1940 மார்ச் முதல் நாள், ஹானிபால் என்ற விமானம் ஜிவானியிலிருந்து ஷார்ஜாவை நோக்கிக் கிளம்பியது. இறக்கை இரண்டு அடுக்காக அமைந்த அந்தக் காலத்து விமானம். உள்ளே எட்டுப் பேர். ஓமான் வளைகுடாவுக்கு மேலே போனது, போனதுதான். தேடினார்கள். விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வயது ஐம்பத்தொன்று. குடிஅரசு ஏடு தலையங்கம் தீட்டி அழுதது.

ஜில்லா போர்டுகளை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கலைத்தது. பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. திருவையாற்றிலே அரசர் கல்லூரி இன்றும் நடக்கிறது, தமிழ் படிக்கிறார்கள்.

கடல் கொண்ட மனிதருக்குக் கல்லறை ஏது? ஈரோட்டின் நடுவே உள்ள பூங்காவுக்கு அவர் பெயர் இட்டார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பன்னீர்செல்வம் பார்க் என்று குரல் கொடுக்கிறார். எந்தச் சாதி என்று எவரும் கேட்காத பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்கிப் போகிறார்கள்.