மோட்டாரைப் பிரித்தார்! பூட்டினார்! புகழ் பெற்றார்!
ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை

திருத்தணி மலைக்குப் படி வழியும் உண்டு. வண்டி வழியும் உண்டு. 365 படிகளையும் ஏற முடியாத முதியவர்கள் பஸ்சில் ஏறிக்கொள்கிறார்கள். மேட்டில் என்ஜின் முனகுகிறது. டிரைவர் கியரை மாற்றுகிறார். சற்று நேரத்தில் முருகன் சன்னதி வந்துவிடுகிறது.

இன்று இது சாதாரணக் காட்சி. 100 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி அல்ல. பஸ்சில் ஏறினால் ஊர் போய்ச் சேருவோமா என்பதே சந்தேகம்.

அந்தக் காலத்தில் முருகனின் இன்னொரு மலையான பழனிக்கு ஒருவர் பஸ் விட்டார். முதலாளியும் அவரே. டிரைவரும் அவரே. மெக்கானிக் வேலையும் அவருக்கு அத்துபடி.

அவர்தான் கோவை ஜி. டி. நாயுடு.

கிராமத்துச் சிறுவன்

கோவையை அடுத்த கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. சிறு குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு மனம் செல்லவில்லை. சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஆனால் எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடியது! அதைப் பார்த்த நாயுடுவுக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை.

கோவைக்குப் போனார். ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்தார். கடைசியில் அந்த அதிகாரியிடமே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிவிட்டார். அது "ரட்ஜ்" என்ற ஆங்கிலக் கம்பெனியின் வண்டி.

வேறொருவராக இருந்தால் அதில் ஏறி ஊரைச் சுற்றியிருப்பார். நாயுடு அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு பழையபடி பூட்டினார். அவருக்கு அதுவே கல்லூரி.

பழனி பஸ்

பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய் வரை போனார். கைப்பணம் கரைந்தது. வெறுங்கையோடு திரும்பினார்.

அப்போது கோவையில் தொழில் நடத்தி வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அவருக்குக் கை கொடுத்தார். அவர் உதவியால் ஒரு பஸ் கிடைத்தது. 1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யு. எம். எஸ். என்ற பெயரில் பெரிய கம்பெனி வளர்ந்தது.

என்ஜினுக்கு வைத்தியம்

அந்த நாள் பஸ்களுக்குப் பெரிய தொல்லை சூடுதான். என்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டுக் குளிர்கிறது. சுமை அதிகமானால், மேடு வந்தால், தண்ணீர் கொதிக்கும். பஸ் நடுவழியில் நின்றுவிடும். நாயுடு சும்மா இருக்கவில்லை. தண்ணீர் விரைவில் கொதிக்காமல் இருக்க ஒரு வழி கண்டார்.

இன்னொரு கருவியும் செய்தார். என்ஜினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி அது. நோயாளியின் நாடியை வைத்தியர் பார்ப்பது போல, என்ஜினின் நடுக்கத்தைக் கொண்டு கோளாறைக் கண்டுபிடிக்கலாம். தயாரித்த கம்பெனி கொடுத்தபடியே வண்டியை ஓட்டிவிட்டு அவர் பேசாமல் இருக்கவில்லை. நம் ஊர் ரோட்டுக்கும் வெயிலுக்கும் எது தேவையோ அதைத் தாமே செய்துகொண்டார்.

1937-ல் அவரது தொழிற்சாலையில் இருந்து மின்சார மோட்டார் வெளிவந்தது. முகம் மழிக்கும் மின்சாரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் செய்தவை பல. 1945-ல் கோவையில் தொழிற்கல்விக் கூடம் அமைய உதவினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் பிள்ளைகளுக்கு என்ஜினீயர் படிப்பு தந்தார்!

கை நழுவிய கார்

1952-ல் இரண்டு பேர் போகும் சின்னக் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். நடுத்தரக் குடும்பமும் ஒரு நாள் கார் வாங்கலாம் என்ற ஆசை பிறந்தது. ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் சந்தைக்கு வராமலே போயிற்று.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 80. அவர் பெயரைச் சொல்லும் காட்சிசாலை கோவையில் இருக்கிறது.

இன்றைக்கும் பாடம்

இன்றைய ஜீப்புகளில் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. காட்டுப் பாதையிலும் கரட்டு மேட்டிலும் ஓட்டுகிற சிலர், அதிக வேகமும் வலுவும் வேண்டி, கடையில் விற்கும் கருவியை வாங்கி அதன் கணக்கை மாற்றுகிறார்கள். அளவறிந்து செய்தால் வலு கூடும். அளவு தவறினால் என்ஜின் சூடேறும், புகை கக்கும், பிஸ்டனும் கெடும். வண்டியின் அமைப்பை மாற்றச் சட்டத்திலும் வரம்பு உண்டு.

நாயுடுவும் என்ஜினில் கை வைத்தவர்தான். ஆனால் முதலில் பிரித்துப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார். அதன் பிறகே மாற்றினார். திருத்தணி மலைப் பாதையில் ஏறும் வண்டியாக இருந்தாலும் சரி, கரட்டு மேட்டில் ஏறும் ஜீப்பாக இருந்தாலும் சரி, இந்த வரிசை மாறக்கூடாது.