ஒளியை ஆராய்ந்த வத்திராயிருப்பு மைந்தர்

நம் தேனி மாவட்டத்து வருசநாட்டு மலைத்தொடருக்குக் கிழக்கே, அதன் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் வத்திராயிருப்பு. அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தவர்தான் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன். நம் கம்பம் பள்ளத்தாக்கு மலைக்கு இப்புறம். அவர் பிறந்த மண் அப்புறம்.

உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பெற்ற அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். அப்போது உணவு இடைவேளையில் மாணவர்களின் ஐயங்களுக்கெல்லாம் விளக்கம் அளிப்பாராம். அறிவுத் தாகம் அவரைக் கல்கத்தாவுக்கு இட்டுச் சென்றது. 1923-இல் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார்.

1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் சூரிய ஒளியைக் குவித்து, ஒரு நிறக் கண்ணாடியினூடே திரவங்களில் பாய்ச்சினர். அந்நிற ஒளியை முற்றிலும் தடுக்கும் வேறொரு கண்ணாடி வழியே நோக்கினர். இருளே தெரிய வேண்டிய இடத்தில் மங்கிய ஒளி தெரிந்தது! மூலக்கூறுகளுக்குத் தன் ஆற்றலில் சிறிது கொடுத்துவிட்ட ஒளி, நிறம் மாறி வெளிப்பட்டது. சுமார் 60 திரவங்களில் இதனைக் கண்டனர். இதுவே 'இராமன் விளைவு'.

இதனை அறிவித்த முதற் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. ஆயினும் விளைவுக்கு இராமன் பெயரே சூட்டப்பட்டது. 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் அவர் ஒருவருக்கே கிடைத்தது. இராமன் தம் நோபல் உரையில் கிருஷ்ணனின் பங்கைக் குறிப்பிடத் தவறவில்லை. கிருஷ்ணனோ மனம் தளரவில்லை. டாக்கா சென்று படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து புதுப்புகழ் ஈட்டினார். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1954-இல் பத்மபூஷண் விருதும், 1958-இல் முதல் பட்நாகர் பரிசும் அவரைத் தேடி வந்தன. தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்த அப்பெரியார் 1961 ஜூன் 14-இல் மறைந்தார்.

அன்னாரின் உழைப்பு இன்று நமக்கு எவ்வாறு பயன்படுகிறது? தொலைபேசிப் பேச்சும் இணையச் செய்தியும் தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகளில் ஒளியாக ஓடுகின்றன. எவ்வளவு தூய கண்ணாடியாயினும் 100 கிலோமீட்டர் கடப்பதற்குள் ஒளி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முன்பு அதனை மின்சாரமாக்கி, வலுவூட்டி, மீண்டும் ஒளியாக்கினர். 1987-இல் ஒளியை ஒளியாகவே பெருக்கும் வழி பிறந்தது. எர்பியம் என்னும் தனிமத்தைச் சிறிதளவு கலந்த இழையில் லேசர் ஒளியைச் செலுத்தினால், எர்பியம் அணுக்கள் ஆற்றலை ஏற்றுக் காத்திருக்கும். களைத்த செய்தி ஒளி வந்ததும் தம் ஆற்றலை அதே ஒளியாக வழங்கிவிடும்.

மற்றொரு முறைக்கு எர்பியமும் வேண்டாம். சாதாரண இழையே போதும். அலைநீளம் சற்றுக் குறைந்த லேசர் ஒளியைச் செய்தி ஒளியுடன் செலுத்தினால், அது கண்ணாடியின் மூலக்கூறுகளுக்குச் சிறிது ஆற்றலை ஈந்து, எஞ்சியதைக் கொண்டு செய்தி ஒளியாகவே மாறி அதனை வலுப்படுத்துகிறது. இதுதான் இராமன் பெருக்கி. 1928-இல் மங்கலாகத் தெரிந்த அதே விளைவு இன்று நெடுந்தூர இழைகளில் ஒளிக்கு வலுவூட்டுகிறது.

அன்புச் சகோதரிகளே! உழைப்பில் பங்கிருந்தும் பெயரில் பங்கில்லை என்று கிருஷ்ணன் சோர்ந்திருந்தால், அவருடைய பிற்காலச் சாதனைகள் நமக்குக் கிட்டியிராது. பிறர் பாராட்டுக்காகக் காத்திராமல் நம் கடமையைச் செவ்வனே செய்வோம். சிற்றூரில் பிறந்தாலும் சிகரம் தொடலாம் என்பதை அவர் வாழ்விலிருந்து கற்போம். அதற்கு இறைவன் நமக்கு அருள் புரிவாராக!