முதல் இந்திய சிவிலியன்

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்த நம்மனோர் அறியத்தக்கது சத்தியேந்திரநாத் தாகூரின் வரலாறு. மகாகவி இரவீந்திரரின் தமையனாராகிய இவர் 1842-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வு 1855-இல் தொடங்கிற்றெனினும் அக்காலத்தில் இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. கடல் கடத்தல் குற்றமெனப் பலர் கருதிய அந்நாளில், 1862-இல் நண்பர் மனமோகன் கோஷுடன் இவர் கப்பலேறினார். மறு ஆண்டே தேறி, பயிற்சி முடித்து, 1864-இல் தாயகம் மீண்டார்.

வங்காளியாகிய இவருக்கு வாய்த்ததோ பம்பாய் மாகாணம்! மனைவியார் ஞானதானந்தினி அம்மையாரை அந்தப்புரத்தினின்றும் வெளிக்கொணர்ந்து உடனழைத்துச் சென்றார். அந்நாளில் அஃது இலண்டன் தேர்வினும் கடிய தேர்வாகும். அகமதாபாத் முதலிய இடங்களில் பணியாற்றி, நீதிபதியாக உயர்ந்து, முப்பதாண்டுகட்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றார். 1878-இல் இளைஞர் இரவீந்திரர் அகமதாபாத்தில் தங்கியது இவரது இல்லத்திலேயே. 1923-இல் இவர் மறைந்தார்.

உடன் சென்ற மனமோகனரோ இருமுறை எழுதியும் தேறவில்லை. எனினும் சோர்ந்தாரில்லை, பாரிஸ்டராகிக் கல்கத்தாவில் பெரும்புகழ் எய்தினார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வே எழுத்தராய் அமர்ந்த நாம், தேர்வெழுதும் நம் மக்களுக்கு அவ்விருவர் வரலாற்றையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.