நோபலின் நெஞ்சுவலியும் மூளைக்குள் ஒரு வாயுவும்

நோபல் பரிசு உங்களுக்குத் தெரியும். அதைத் தந்தவருக்கு, தான் விற்ற வெடிமருந்தையே டாக்டர்கள் மருந்தா எழுதிக் கொடுத்த கதை தெரியுமா?

ஆல்ஃபிரட் நோபல் 1833-ல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். சின்ன வயசிலேயே அடிக்கடி படுத்துவிடுகிற உடம்பு. வளர்ந்ததும் அவர் கையில் எடுத்தது நைட்ரோகிளிசரின். லேசா அதிர்ந்தாலே வெடிக்கும் திரவம் அது. 1864-ல் குடும்பத் தொழிற்கூடமே வெடித்துச் சிதறியது. இறந்தவர்களில் தம்பி எமிலும் ஒருவர்.

நோபல் நிறுத்தவில்லை. அந்தத் திரவத்தை ஒருவகை நுண்துளை மண்ணில் ஊறவைத்து, கையாளும் ஆபத்தைக் குறைத்தார். 1867-ல் காப்புரிமை பெற்ற டைனமைட் அதுதான். பணம் கொட்டியது. கடைசிக் காலத்தில் நெஞ்சுவலியும் வந்தது. டாக்டர்கள் சொன்ன மருந்து? அதே நைட்ரோகிளிசரின்! விதியின் வேடிக்கையைப் பாருங்கள் என்கிற தொனியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். சில வாரங்களில், 1896 டிசம்பர் 10 அன்று, இத்தாலியின் சான் ரெமோவில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார்.

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளிவிட்டு ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. உடம்பே இந்த வாயுவைத் தயாரித்துச் செய்தி அனுப்புகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 1998-ல் கிடைத்தது எது தெரியுமா? நோபல் பரிசேதான்!

இதே வாயுவை நம்ம மூளை செல்களும் தயாரிக்குது. சேமித்து வைக்க முடியாது. தேவைப்படும்போது உருவாகி, செல் சவ்வைத் தாண்டிப் பரவி, சில நொடிகளில் மறைந்துவிடும். வலிப்பு வரும்போது ஏராளமான நரம்பு செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் துடிக்கின்றன. குளூட்டமேட் பெருகுது, செல்லுக்குள் கால்சியம் பாயுது, நைட்ரிக் ஆக்சைடும் கூடுது.

அப்போ இது வில்லனா? அவசரப்படாதீங்க. விலங்குச் சோதனைகள் சிலவற்றில் இதைத் தடுத்தபோது வலிப்பு குறைந்தது. வேறு சிலவற்றில் அதிகமானது. அளவு, இடம், நேரம் மாறினால் வேலையும் மாறுது. எமிலைக் கொன்ற திரவமே இதயத்துக்கு மருந்தானது மாதிரிதான்.

வலிப்பு ஒரு சாபம் இல்லை, மூளையின் மின் கோளாறு. யாருக்காவது வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீங்க. வாயில் எதையும் வைக்காதீங்க. ஒருக்களித்துப் படுக்க வைங்க. 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.